தலைப்பிரட்டையின் வால் எங்கே போகிறது?

பினாங்கில் மழைக்காலத்தில் தண்ணீர்மலைப் பக்கம் போகிறவர்கள், லோங்காங் என்கிற வடிகால் ஓரம் தேங்கிய நீரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தலைப்பிரட்டைகள் இருக்கலாம். சில வாரங்களில் அவற்றுக்குக் கால் முளைத்திருக்கும், வால் காணாமல் போயிருக்கும். வால் அறுந்து விழுவதில்லை. அதிலிருக்கும் செல்கள் தாமாகவே செத்துக் கரைகின்றன. அந்தச் சத்தை உடம்பே எடுத்துக்கொள்கிறது.

இதற்கான உத்தரவு தைராய்டு ஹார்மோனிடமிருந்து வருகிறது. 1912இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு சுரப்பியைத் தீனியாகக் கொடுத்தார். அவை வளரக்கூட நேரமில்லாமல் பொடித் தவளைகளாக மாறிவிட்டன. காலை வளரச் சொல்வதும் வாலைச் சாகச் சொல்வதும் ஒரே ஹார்மோன்தான், கேட்கிற செல்தான் வேறு. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நம் கையும் கருவில் முதலில் துடுப்புபோலத்தான் இருந்தது. இடையிலிருந்த செல்கள் செத்த பிறகே விரல்கள் பிரிந்தன. வாத்துக் காலில் அந்தச் சாவு அவ்வளவாக நடப்பதில்லை, அதனால் சவ்வு தங்கிவிடுகிறது.

சரி, செல் எப்படிச் சாகிறது? ரத்தம் கிடைக்காமல் சாகும் செல் பெரும்பாலும் வீங்கி வெடிக்கும். உள்ளிருப்பது சிதறி, சுற்றுப்புறமெல்லாம் அழற்சி. வாலிலும் விரலிடையிலும் நடக்கும், அப்போப்டோசிஸ் என்று 1972இல் பெயரிடப்பட்ட சாவு வேறு விதம். மூச்சுக்கு உதவும் சைட்டோகுரோம் சி என்ற புரதம், செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசிந்து கேஸ்பேஸ் நொதிகளை எழுப்பிவிடுகிறது. அவை செல்லின் புரதங்களை வெட்டுகின்றன. டிஎன்ஏவும் துண்டாகிறது. செல் சுருங்கி, சவ்வு மூடிய சிறு உருண்டைகளாகப் பிரிகிறது. அப்புறம், வழக்கமாகச் சவ்வின் உள்பக்கம் இருக்கும் ஒரு கொழுப்பு வெளியே தெரியத் தொடங்கும். அதைக் கண்டுகொண்டு மேக்ரோஃபேஜ் செல்கள் வந்து விழுங்கிவிடும்.

செத்துப்போ என்ற உத்தரவு எப்போதும் வெளியிலிருந்து வர வேண்டும் என்பதுமில்லை. பல செல்களுக்கு, 'உயிரோடு இரு' என்று அக்கம்பக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கோழிக்கருவில் தசையை இயக்கும் நரம்புச் செல்களில் ஏறத்தாழப் பாதி செத்துவிடுகின்றன. தசையைத் தொட்டு, அந்தச் செய்தியைச் சொல்லும் புரதத்தைப் போதிய அளவு வாங்கியவை பிழைக்கின்றன. இவ்வகைப் புரதங்களில் முதலாவதைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

புற்றுநோய்ச் செல் இந்தச் சாவைத் தட்டிக்கழிக்கிறது. ஒருவகை ரத்தப் புற்றுநோயில் பிசிஎல்-2 என்ற புரதம் மிகுந்து, மைட்டோகாண்ட்ரியாவைக் கசியவிடாமல் தடுக்கிறது. அந்தப் புரதத்தை முடக்கும் வெனெட்டோகிளாக்ஸ் மருந்து 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரேயடியாக ஏராளமான செல்கள் செத்தால் அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அதனால்தான் அந்நோய்க்கு மருந்தின் அளவை 5 வாரங்களில் படிப்படியாகக் கூட்டுகிறார்கள்.