நிறமாலைப் பகுப்பாய்வு: ஒரு சொல் விளக்கம்

ஒரு கலவையை ஒளியால் சோதித்து, அதில் என்ன கலந்திருக்கிறது என்று கணினியால் பிரித்தறியும் முறையைத் தமிழில் எப்படிச் சொல்வது? பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் மாணவர் ‘நிறமாலை’ என்று எழுதும் இடத்தில், மலையாளவழி மாணவர் ‘வர்ணராஜி’ என்று எழுதுகிறார். ராஜி என்றால் வரிசை. தமிழ் நிறங்களை மாலையாகத் தொடுத்தது, மலையாளம் வரிசையில் நிறுத்தியது. இரண்டும் ‘ஸ்பெக்ட்ரம்’ என்பதற்கு நிகர்ச்சொற்களே என்றாலும், முப்பட்டகத்தில் பிரிந்த ஒளியைக் குறிக்க 1672இல் வெளிவந்த கட்டுரையில் நியூட்டன் கையாண்ட அந்த லத்தீன் சொல்லுக்குத் ‘தோற்றம்’ என்பதே பொருள். அதில் நிறமும் இல்லை, மாலையும் இல்லை.

கலவைகளைச் சோதிக்கும்போது, தமிழ்ச் சொல்லில் நிறம் இருப்பது உறுத்துகிறது. தேங்காய் எண்ணெயில் பாமாயில் கலந்திருக்கிறதா என்று அகச்சிவப்பு ஒளியால் பார்க்கிறோம். அது கண்ணுக்கே தெரியாதது, அதற்கு ஏது நிறம்? ஆகவே ‘அலைமாலை’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. ‘அலைக்கற்றை’ தொலைத்தொடர்புக்கு உரியதாகிவிட்டது. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

‘பகுப்பாய்வு’ நல்ல சொல். ஆனால் இங்கே பகுக்கப்படுவது எண்ணெய் அன்று, எந்த அலையை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் வரைகோடு. இரு எண்ணெய்களும் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1743 என்னும் அலை எண்ணில், அதாவது ஒரு சென்டிமீட்டரில் அத்தனை அலைகள் அடங்கும் இடத்தில், ஒரே மாதிரி முகடு காட்டும். 3005 அருகே பாமாயிலில் தெரியும் சிறு மேடோ தேங்காய் எண்ணெயில் அநேகமாக இராது. கலவையின் கோடு, அதில் உள்ள பொருள்களின் கோடுகள் அவற்றின் அளவுக்கேற்பக் கூடிவருவது. ஒன்றன்மேல் ஒன்று படிந்த அக்கோடுகளைக் கண்ணால் பிரிக்க இயலாதபோது, நூற்றுக்கணக்கான புள்ளிகளை ஒருசேரக் கணக்கிட்டுக் கணினி பிரிக்கிறது.

இக்கணக்கு முறைக்கு ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வான்டே வோல்ட் 1971இல் இட்ட பெயரே ‘கீமோமெட்ரிக்ஸ்’. இதை ‘வேதி அளவையியல்’ என்பதைவிட ‘வேதி அளவியல்’ என்பது தெளிவு. ஏனெனில் தமிழில் அளவை என்பது தருக்க நூலுக்கு நெடுங்காலமாக வழங்கும் பெயர்.

ஆக, இந்த முறையின் முழுப்பெயரை ‘கணினிவழி அலைமாலைப் பகுப்பாய்வு’ என்று நான் எழுதுவேன். ‘தானியங்கி’ என்ற அடை கூடாது. கலப்பளவு தெரிந்த மாதிரிகளை முன்கூட்டியே காட்டிப் பழக்காவிட்டால் கணினியால் எதையும் சொல்ல முடியாது. அதற்குச் செக்கடியில் நின்று, கண்முன்னே ஆட்டிய எண்ணெயைப் புட்டியில் பிடித்துவர ஓர் ஆள் வேண்டும்.