நகத்தில் தட்டும் வரப்பு: தேய்ந்த என்ஜின் அளவுக்குத் திரும்பும் விதம்

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில், கழுவித் துடைத்த லாரி என்ஜின் பிளாக்கை மேசைமேல் ஏற்றியதும் மெக்கானிக் அளவு கருவியைத் தேடுவதில்லை. சிலிண்டருக்குள் விரலை விட்டுக் கீழிருந்து மேலாக நகத்தால் வருடுகிறார். விளிம்பை எட்டுவதற்குச் சற்று முன்னால் நகம் தட்டி நிற்கிறது. வயல் வரப்பைப் போல அங்கே சுற்றிலும் ஒரு சிறு மேடு இருக்கிறது. புதிதாக ஏதோ படிந்து உண்டான மேடு என்றே பார்ப்பவர்க்குத் தோன்றும். உண்மையில் அதுதான் சிலிண்டரின் பழைய அளவு. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங் எட்டாததால் அந்தப் பகுதி அப்படியே நிற்க, அதற்குக் கீழே உள்ள சுவர்தான் தேய்ந்து உள்வாங்கியிருக்கிறது.

தேய்மானம் சரியாக அந்த இடத்தில் மிகுவதற்குக் காரணம் உண்டு. ரிங்குக்கும் சுவருக்கும் இடையே எண்ணெய்ப் படலம் நிலைப்பது பிஸ்டன் ஓடும் வேகத்தால்தான். நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழலும் என்ஜினில் ஒவ்வொரு பிஸ்டனும் மேல்முனையில் 2,000 முறை கணநேரம் நின்று திரும்புகிறது. நிற்கும்போது படலம் மெலிகிறது. அவற்றில் பாதி முறை, எரிபொருள் பற்றி எரியும் அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு சேர்த்து நெருக்குகிறது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பாரத்தோடு ஏறும் வண்டியில் வேகம் குறைவு, சுமை அதிகம் என்பதால் படலத்தின் பாடு இன்னும் மோசம். இதற்கு மேல், பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து நின்று அதை ஒரு பக்கமாகத் தள்ளுவதால், சிலிண்டர் மேலே அகன்று கீழே குறுகுவதோடு முட்டை வடிவமும் கொள்கிறது. வட்டமான ரிங் அந்த இடைவெளியை அடைக்க முடியாதபோதுதான் ‘என்ஜின் ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது’ என்று ஓட்டுநர் வந்து நிற்கிறார்.

இத்தனைக்கும் தொலைந்துபோன இரும்பு, ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். பல நூறு கிலோ எடையுள்ள என்ஜினை அதற்காக உருக்கப் போடுவது வீண் என்பதே இந்தத் தொழிலின் அடிப்படை. சுவரைச் சீராகக் கடைந்து, 0.25, 0.50 மி.மீ. என்று படிப்படியாகப் பெரிதாக வரும் ‘ஓவர்சைஸ்’ பிஸ்டன்களில் பொருந்துவதைப் போடுவதே ரீபோர். கடையும் அளவுக்குச் சுவரில் கனம் மிஞ்சாவிட்டால் ஸ்லீவ் என்னும் உள்ளுறைக் குழாயை இறக்கிப் பழைய அளவுக்கே திரும்பலாம்.

கடைவதில் முதல் சிக்கல் மையம் காண்பது. தேய்ந்த சுவரை நம்பி மையம் பிடித்தால் கோணலும் கூடவே வந்துவிடும். ஆகவே ரிங் தொடாத பகுதியை, சில பட்டறைகளில் அந்த வரப்பையே, ஆதாரமாகக் கொள்கிறார்கள். கோணல் துளையைப் பின்தொடராமல் நேர்த்துளை போடுவது பழைய பிரச்சினை. இங்கிலாந்தின் ஜான் வில்கின்சன் பீரங்கி துளைக்கும் முறைக்கு 1774-இல் காப்புரிமை பெற்று, அடுத்து உருளையின் ஊடே சென்று இருமுனையிலும் தாங்கப்பட்ட தண்டில் வெட்டுளியைப் பொருத்தி ஜேம்ஸ் வாட்டின் நீராவி என்ஜினுக்கு உருளை கடைந்து தந்தார். 50 அங்குல விட்டமுள்ள உருளையில் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்குக்கூட இல்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் வியந்தார். இன்று நமது பட்டறையில் அந்த நாணயக் கனத்துக்குப் பிழை வந்தால் பிளாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்!

கடைசி 0.05 மி.மீ. அளவைக் கடையாமல் ஹோனிங் கல்லால் தேய்த்தெடுக்கிறார்கள். கல் சுழன்றபடியே மேலும் கீழும் செல்வதால் சுவர் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகள் விழுகின்றன. கண்ணாடிபோல் வழவழப்பாக்கினால்தானே நல்லது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். வழவழப்பான சுவரில் எண்ணெய் தங்காது; இந்தக் கோடுகளே எண்ணெய்க்கு வாய்க்கால்.

பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டில் கணக்கு தலைகீழ்: தண்டைச் சாணை பிடித்துச் சிறிதாக்கி, கனம் கூடிய பேரிங்கைப் போட வேண்டும். சாணை பிடிக்கும்போது பேரிங் உட்காரும் கழுத்தின் ஓரத்து வளைவைக் கூர்மூலையாக்கிவிட்டால் விசையெல்லாம் அங்கே குவிந்து விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்கத் தண்டைக் காந்தமாக்கி இரும்பு ஆக்சைடு பொடியைத் தூவுகிறார்கள்; விரிசலில் கசியும் காந்தப்புலம் பொடியை இழுத்துக் கருங்கோடாகக் காட்டிவிடும். இதற்குப் பயன்படும் பொடிகளில் ஒன்று மேக்னடைட், சேலத்தை ஒட்டிய கஞ்சமலையின் இரும்புத் தாதுவும் அதுவே.

பட்டறைக் கைவேலை கம்பெனித் தொழிலானதற்குத் தட்டுப்பாடும் ஒரு காரணம். 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் போருக்காகப் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது, இருந்த என்ஜின்களை ஓட்டியாக வேண்டியிருந்தது. போருக்குப் பின் 1949-இல் ரெனோ, பாரிஸ் அருகே ஷுவாசி-லெ-ருவாவில் என்ஜின் மறுஉற்பத்தியைத் தொடங்கியது. கேட்டர்பில்லர் 1973-இல் இதில் இறங்கியது. பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்குவது போன்ற ஏற்பாடுதான்: பழைய என்ஜினைக் கொடுத்தால், மறுஉற்பத்தி என்ஜின் வாங்கும்போது கட்டிய முன்பணம் திரும்ப வரும், தொழிற்சாலைக்கும் மூலப்பொருள் கிடைக்கும். அங்கே ஓர் என்ஜினின் உதிரிகள் அதற்கே திரும்ப வேண்டியதில்லை. பிளாக்குகள் ஒரு வரிசை, தண்டுகள் ஒரு வரிசை என்று பிரித்து, ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து கோக்கிறார்கள். கனெக்டிங் ராடும் அதன் மூடியும் மட்டும், ஒன்றாகக் கடையப்பட்டவை என்பதால், பிரிவதே இல்லை. புது என்ஜின் செய்வதோடு ஒப்பிட்டால் 68 முதல் 83 சதவீதம் ஆற்றல் மிச்சம் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் கணக்கிட்டனர். வார்ப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறதே!

நமது பட்டறையிலோ வந்த பிளாக் வந்த வண்டிக்கே போகிறது. ஓவர்சைஸ் பிஸ்டனின் தலையில் 0.50 என்று பொறித்திருக்கும். சில ஆண்டுகள் கழித்து சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றும் மெக்கானிக், கரியைச் சுரண்டி முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். சுவரில் இன்னும் எத்தனை முறை கடைய இடமிருக்கிறது என்பதை அதை வைத்தே சொல்லிவிடுவார்.