எக்ஸோஸுக்குள் செம்பனை நாரை அடைக்கலாமா?

போன மாதம் என் பழைய கார் திடீரென்று உறுமத் தொடங்கியது. திருவிழா உறுமி மேளம்கூட இடையில் கொஞ்சம் ஓயும், இது ஓயவே இல்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் எனக்குப் பழக்கமான பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் எக்ஸோஸ் என்கிற புகைக்குழாயிலிருந்து சைலன்சரைக் கழற்றி, கிரைண்டரால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். உள்ளே துளை துளையாக ஒரு குழாய், அதைச் சுற்றிக் கரி படிந்த பஞ்சு. பாதிப் பஞ்சைக் காணவில்லை.

"தொடாதீங்க சார், அரிக்கும். கண்ணாடிப் பஞ்சு" என்றார். பிறகு அவரே கேட்டார்: "ஆலப் பக்கம் போனா வெறுங்குல மலையாட்டம் குவிஞ்சி கெடக்கு. அந்த நார இதுக்குள்ள அடைச்சா சத்தம் அடங்காதா?"

எண்ணெய் ஆலையில் பழங்களை உதிர்த்தபின் மிஞ்சும் செம்பனைக் குலையைத்தான் வெறுங்குலை என்கிறார். நல்ல கேள்விதான். பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எஞ்சினின் வெளியேற்று வால்வு திறக்கும்போதெல்லாம் அழுத்தம் மிகுந்த சூடான வாயு குழாய்க்குள் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு சின்ன வெடி. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், நொடிக்கு 100 வெடி. நம் காதில் அது 100 ஹெர்ட்ஸ் உறுமலாக விழுகிறது. அதன் மேலே அதன் மடங்குகளான உயர்ந்த ஒலிகளும், வாயு பாயும் சீறலும் சேர்ந்துகொள்கின்றன.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ரீவ்ஸ் சகோதரர்கள் 1897இலேயே எக்ஸோஸ் ஒலியடக்கிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். இன்றுவரை இந்த வேலைக்கு அடிப்படையில் இரண்டே வழிகள்தான். ஒன்று, அறைகளையும் குழாய்களையும் கணக்குப் பார்த்து அமைத்து, ஒலியை வந்த வழியே திருப்பியடிப்பது. காலிக் கிச்சாப் போத்தலின் வாயில் ஊதினால் 'பூ' என்று ஒரே சுரம் வருகிறதல்லவா? அதே தத்துவத்தைத் தலைகீழாக்கி, அந்த ஒரு சுரத்தை மட்டும் விழுங்கும் அறையை சைலன்சருக்குள் வைக்கிறார்கள். தாழ்ந்த உறுமலுக்கு இதுதான் மருந்து. மற்றது, பஞ்சு. சீறலையும் உயர்ந்த ஒலிகளையும் அது பார்த்துக்கொள்கிறது.

பஞ்சு ஒலியை எப்படி விழுங்குகிறது? ஒலி என்பது காற்றுத் துகள்கள் முன்னும் பின்னும் ஆடுவது. இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் அந்தக் காற்று ஆடும்போது இழைகளோடு உராய்கிறது. உராய்வில் ஒலியின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. அந்த வெப்பம் அற்பமானது, மானி வைத்தாலும் தெரியாது. காது மட்டும் அமைதியை உணரும். அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபீன் 1895இல் ஹார்வர்டில் எதிரொலித்த ஒரு விரிவுரைக் கூடத்தை ஆராய, பக்கத்து அரங்கின் இருக்கைத் திண்டுகளை இரவிரவாகச் சுமந்துவந்து அடுக்கி அடுக்கி அளந்தார். திறந்த ஜன்னலைத்தான் அவர் அளவுகோலாக வைத்தார். ஜன்னலுக்கு வெளியே போன ஒலி திரும்பாது, ஆகவே அதன் உட்கவர் திறன் 1. இன்றைக்கும் ஒரு பொருளுக்கு 0.8 என்று எழுதினால், அதன் மேல் விழும் ஒலி ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு திரும்புவதில்லை என்று பொருள்.

சந்து பெரிதாக இருந்தால் காற்று உராயாமல் நழுவிவிடும். பஞ்சை இறுக்கி அமுக்கினால் அது சுவர் மாதிரியாகி ஒலியைத் திருப்பியடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. இடியாப்ப மாவுப் பதம் மாதிரி, கைக்குத்தான் தெரியும் என்று சொல்ல ஆசை. உண்மையில் அதைக் காற்றோட்டத் தடை என்ற எண்ணால் அளக்கிறார்கள். மெல்லிய இழை என்றால் அதே எடையில் அதிக உராய்வு கிடைக்கும்.

இங்கேதான் நம் நார் கொஞ்சம் தடுமாறுகிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). கண்ணாடி இழை அதைவிடப் பல மடங்கு மெல்லியது. வெறுங்குலை நாரும் தேங்காய் நாரும் பெரும்பாலும் முடியைவிடத் தடிப்பானவை. அதற்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை. காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் கழன்று நார் மெலிகிறது. கூடுதல் தடிமனாக அடுக்கலாம், பின்னால் காற்று இடைவெளியும் விடலாம். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யூகேஎம்மின் ஆய்வாளர்கள் தேங்காய் நாரையும், மலாக்காவின் யூடெம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரும்புச் சக்கையையும் இப்படிச் சோதித்திருக்கிறார்கள். உயர்ந்த அதிர்வெண்களில் இவை நன்றாகவே வேலை செய்கின்றன.

சரி, அப்படியென்றால் சைலன்சருக்குள் அடைத்துவிடலாமா?

வீட்டு ஓவனை 230 டிகிரிக்கு வைத்து, ஒரு பிடி வெறுங்குலை நாரை அரை மணி நேரம் உள்ளே விட்டேன். (வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதைத் தனியாக எழுத வேண்டும்.) வெளியே எடுத்தபோது நார் கறுத்திருந்தது. விரலால் நசுக்கினால் பொடியானது. செடி நாரில் உள்ள அரைச்செல்லுலோஸ் சுமார் 220 டிகிரியிலேயே சிதையத் தொடங்கும், செல்லுலோஸ் 315க்கு மேல். கார் சைலன்சருக்குள் வரும் வாயுவோ, நெடுஞ்சாலை ஓட்டத்தில் 400 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். நாரைப் புதிதாக அடைத்த வண்டி ஈப்போ போய்ச் சேருவதற்குள் உள்ளே கரிதான் மிஞ்சும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

சூடு மட்டுமல்ல, ஈரமும் எதிரி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில் குழாய் முழுதாகச் சூடேறுவதே இல்லை. நீராவி உள்ளேயே குளிர்ந்து, அமிலம் கலந்த தண்ணீராகத் தேங்கித் தகரத்தை அரிக்கும். என் சைலன்சர் ஓட்டையானதும் இதனால்தான். ஓட்டை விழுந்தபின் பஞ்சு துணுக்குத் துணுக்காகப் பறந்துவிடுகிறது.

ஆகவே சைலன்சருக்குள் பசுமை வேண்டுமென்றால், கல்லிலும் சாம்பலிலும் தேட வேண்டும். எரிமலைப் பாறையான பசால்ட்டை உருக்கி இழுத்த இழை கண்ணாடி இழையைவிடச் சற்று அதிகச் சூடு தாங்கும், அதற்கு வேறு ரசாயனக் கலவையும் தேவையில்லை. ஆனால் பாறையை உருக்க 1400 டிகிரிக்கு மேல் உலை வேண்டும், அந்த எரிபொருளையும் கணக்கில் சேர்க்காமல் பசுமை என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. உடைந்த கண்ணாடியைத் திரும்ப உருக்கிப் பஞ்சாக்கினால் உலைச் செலவு குறையும். நெல் உமி இன்னும் சுவாரசியமானது. எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூடிஎம்மின் ஆய்வாளர்கள் உமியிலிருந்து ஏரோஜெல் செய்திருக்கிறார்கள். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வெறும் காற்றான, சூட்டுக்கு அஞ்சாத பொருள். எளிதில் நொறுங்கும் என்பதுதான் அதன் தொல்லை.

செம்பனை நாருக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது, காருக்குள். தரைவிரிப்புக்கு அடியில், கதவின் உட்பலகையில், பின்பெட்டியில். அங்கே சூடு வெயிலளவுதான். பழைய கார் இருக்கைகளில் தேங்காய் நாரை ரப்பர் பாலில் பிணைத்து வைத்த காலம் உண்டு, அதே உத்தி இங்கும் பொருந்தும். பால் மிஞ்சினால் சந்துகள் அடைபட்டுவிடும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சையும் பிடிக்கும், அதற்குப் போராக்ஸ் கலந்தால் தீயும் எளிதில் பற்றாது.

இன்னொன்று, வெறுங்குலையைக் கழிவு என்று சொல்லிவிட முடியாது. நூறு கிலோ பழக்குலையில் எண்ணெய் சுமார் 20 கிலோ, வெறுங்குலையும் அதே அளவுக்குச் சற்று மேலே. தோட்டத்தில் அதை மரத்தடியில் பரப்பி, மண்ணுக்குப் பொட்டாசியத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். காருக்கு எடுத்தால் அந்த உரத்தை வெளியே வாங்க வேண்டும்.

பட்டறைக்காரரிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். மின்சாரக் காருக்கு எக்ஸோஸே கிடையாது, அதில் டயர் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும், அது 1000 ஹெர்ட்ஸ் வாக்கில் இருப்பதால் நார் விரிப்புக்குத் தோதானது என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அவரிடம் வரும் வண்டிகளில் பாதி, எக்ஸோஸ் ஒட்ட வருபவைதான்.