தயவுசெய்து அந்தப் பெட்டியை எரிக்காதீர்கள்

மறுபடியும் ஒரு பெட்டி எரிந்திருக்கிறது. தாய் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, போரில் காணாமல்போன மகனின் உடுப்பு, கொப்பி, படங்கள் எல்லாவற்றையும் சொந்தக்காரர் வளவின் பின்பக்கம் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். "கண்ணில படாட்டி மறந்திடுவா" என்ற நல்லெண்ணம்தான். இப்போது அம்மா சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை என்று அவர்களே கிளினிக்குக்குக் கூட்டி வருகிறார்கள். உளவளத்துணை வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை. அதுதான் எரிச்சல்.

பழையதை விட்டால்தான் முன்னேறலாம் என்பது பாதி சரி. விடுவதென்றால் மறப்பது என்று நினைப்பதில்தான் பிழை. 1987இல் டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை நினைக்கவேண்டாம் என்றார். எல்லாருக்கும் அதுதான் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கூடுதலாக வந்தது. ஒரு கரடிக்கே இந்தப் பாடு. பத்து மாதம் சுமந்த பிள்ளையை "நினையாதேங்கோ அம்மா" என்றால் என்ன நடக்கும்? நினைப்பு நிற்காது, சொல்வதுதான் நிற்கும். பகலில் வாயை மூடிக்கொண்டிருப்பார், இரவில் நித்திரை வராது. நீங்கள் "இப்ப பரவாயில்லை, அழுறதில்லை" என்பீர்கள். கனடாவிலிருந்து தம்பியார் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஊக்கப் பேச்சு வீடியோக்களும் இதையேதான் செய்கின்றன. தயவுசெய்து நிறுத்துங்கள்.

செத்தவீடு நடந்த துயரத்துக்கு நம் ஊரில் வழி இருக்கிறது. எட்டு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று சடங்குகளே ஆளை மெல்ல மெல்ல நகர்த்திவிடும். 2009 மே மாதம் போர் முடிகிற நேரம் முல்லைத்தீவு வட்டுவாகலில் தங்கள் ஆட்களை இராணுவத்திடம் கையளித்துவிட்டு வந்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. இதைத் தெளிவற்ற இழப்பு என்று வகைப்படுத்தியவர் பௌலின் பொஸ் என்ற குடும்ப உளச்சிகிச்சையாளர். வியட்நாம் போரில் காணாமல்போன படையினரின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்தவர். இந்த இழப்பை முடித்துவைக்க முடியாது, முடிக்கச் சொல்லி நெருக்கவும் கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்ற இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வாழப் பழகுவதுதான் சிகிச்சை. ஆகவே பொட்டை அழி, திவசத்தைச் செய் என்று காணாமல்போனவரின் மனைவியை வற்புறுத்தாதீர்கள். காணாமல்போனோரின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்துக்குப் போகிற தாய்மாரை "விசர்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தேடுவது நோய்க்குறி அல்ல, உரிமை.

அப்படியானால் எதை விடுவது? தவணையை. "அண்ணா வரட்டும், பிறகு பாப்பம்" என்று சாந்து பூசாமல் கிடக்கிற சுவர், தள்ளிப்போகிற தங்கச்சியின் கலியாணம், வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டும் போகாமல் வீட்டில் நிற்கிற கடைக்குட்டி. காணாமல்போனவருக்காக இருக்கிற பிள்ளைகள் நிறுத்திவைக்கப்படுகிறார்கள். அதைத்தான் அவிழ்க்க வேண்டும். அம்மாவிடம் "அவனை விடுங்கோ" என்று சொல்லாதீர்கள். "அவன் வந்து பாக்கேக்க சுவர் பூசி இருந்தா நல்லம்தானே அம்மா" என்று கேட்டுப் பாருங்கள்.

ஒன்றில் தொடங்குங்கள், ஒன்றே ஒன்றில். மனம் வந்தபிறகு செய்வோம் என்று காத்திருந்தால் அது வராது. செய்யச் செய்யத்தான் வரும். காலையில் பத்து நிமிடம் கோழிக்குத் தீன் போடுவதோ, கத்தரிக்குத் தண்ணி விடுவதோ போதும். ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், நடந்த நாளைக் கலண்டரில் அவரே கீறட்டும். இரண்டு கிழமை ஒழுங்காகப் போனால் மாதர் சங்கக் கூட்டத்துக்குக் கூட்டிப் போகலாம். முதல் நாளே கூட்டத்துக்கு இழுத்துப் போனால் அடுத்த கிழமை வாசலுக்கும் வரமாட்டார். மகனுக்காகச் சோறு எடுத்துவைக்கிறார் என்றால் தட்டைப் பறிக்காதீர்கள். பின்னேரம் விளக்கேற்றிப் பதினைந்து நிமிடம் அவனைப் பற்றிக் கதைக்க நேரம் ஒதுக்குங்கள். நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

பெட்டியைத் திறப்பதென்றால் காலையில், அவர் கையால், அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். இரவில் திறந்தால் நித்திரை போய்விடும். மே மாதத்திலும் பிள்ளையின் பிறந்தநாளை ஒட்டியும் தொடவே வேண்டாம். முதலில் கடதாசிகளைப் பிரியுங்கள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் முறைப்பாடு, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் தந்த துண்டு, செஞ்சிலுவைக் கடிதம். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் வழக்குக்கும் இவைதான் ஆதாரம். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, போட்டோப் பிரதியும் எடுத்து, மாரி தொடங்குமுன் பிளாஸ்டிக் கோப்பில் போடுங்கள். நிலத்தில் வைத்தால் கறையான் விடாது. உடுப்பையும் உடுத்தபடி எடுத்த படங்களையும் பத்திரப்படுத்துங்கள். 2023 ஜூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க்குழாய்க்குத் தோண்டியபோது வெளிப்பட்ட மனித எச்சங்களோடு உடுப்புகளும் இருந்தன. இன்னாருடையது என்று சொல்ல நாளைக்கு ஒரு பழைய படம் உதவலாம். எரித்தவர்கள் இதை நினைத்தார்களா? மிச்சத்தில் எதைத் தங்கச்சிக்குக் கொடுப்பது, எதை இப்போதைக்குத் தொடாமல் மூடுவது என்பது அம்மாவின் முடிவு.

மைம்மலுக்குள் மகன் கூப்பிட்டது கேட்டது என்று சொன்னால் பயப்படாதீர்கள், துயரத்தில் அது வழமை. அதற்குப் பேயோட்ட வேண்டாம். ஆனால் ஆறு மாதம் தாண்டியும் சமைக்கவோ வேலைக்குப் போகவோ முடியாமல் கிடந்தாலோ, கசிப்பு கூடினாலோ, "நானும் போயிருக்கலாம்" என்ற கதை வந்தாலோ மாவட்ட வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டி வாருங்கள். மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். மூன்றாம் நாள் "கேக்கேல்ல" என்று நிறுத்தாதீர்கள், சுகமானபிறகும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டக்காவின் நித்திரைக் குளிசையைக் கடன் வாங்கவும் வேண்டாம்.

சாகிற கதை ஒருக்கால் வந்தாலும் வயலுக்கு அடிக்கிற மருந்தை அன்றே வீட்டைவிட்டு அகற்றி வேறொருவரிடம் பூட்டிவைக்கக் கொடுங்கள். ஆளைத் தனிய விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவு பகல் எந்நேரமும் தமிழில் கதைக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸ். இரண்டையும் இப்போதே போனில் பதிந்துவிடுங்கள்.