கேட்டு வரைந்தாலும் கிராஃபிட்டிதானா?

ஓர் இளம் ஓவியர் வழக்கறிஞரான என் மேசையில் கைப்பேசியை வைத்தார். முதல் படத்தில் ஓர் உணவகத்தின் பக்கச் சுவர், அதில் இரண்டு ஆள் உயரத்துக்கு மீன் விற்கும் பெண்ணின் முகம். அடுத்த படத்தில் அதே சுவர், வெள்ளையாக. மூக்குத்தி இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் சரியாகப் பிடிக்காமல் மஞ்சள் பொட்டு ஒன்று எட்டிப் பார்த்தது. பணம் கொடுத்து வரையச் சொன்னவர்களே சொல்லாமல் வெள்ளையடித்துவிட்டார்கள். "கிராஃபிட்டிக்கு என்ன உரிமை என்று கேட்கிறார்கள், மேடம்" என்றார்.

கிராஃபிட்டி என்பது தெருச் சுவர்களில் ஸ்ப்ரே பெயின்டால் எழுதுவதும் வரைவதும். கேட்காமல் வரைவதுதான் அதன் உயிர், கூலி வாங்கினால் அது வெறும் சுவரோவியம் என்று வாதிடும் கலைஞர்கள் உண்டு. அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஸ்ப்ரே டப்பாவும் பின்னிப் பிணைந்த எழுத்துகளும் ஒரு பாணி. அந்தப் பாணிக்கு என்ன பெயர் வைத்தாலும் வழக்கில் அது எதையும் தீர்மானிப்பதில்லை. சுவருக்கு உரியவர் சம்மதித்தாரா என்பதே அங்கே முதல் கேள்வி.

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இருந்த ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலைஞர்கள் அங்கே உரிமையாளர் ஜெரி வோல்காஃபின் சம்மதத்தோடு வரைந்தார்கள். ஆபாசம், மதம், அரசியல் கூடாது என்பதே அவர் விதித்த நிபந்தனை. கட்டடத்தை இடிக்க அவர் முடிவு செய்தபோது கலைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. ஆனால் அந்த உத்தரவின் விரிவான எழுத்து வடிவம் வருவதற்குள், 2013 நவம்பரில் ஒரே இரவில் வெள்ளையடித்துவிட்டார். மலிவான பெயின்டின் அடியில் ஓவியங்கள் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தன. 2018-ல் நீதிபதி ஃபிரெடரிக் பிளாக் 45 ஓவியங்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தார். நீக்குவதற்கு முன் 90 நாள் அவகாசம் தரும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே இருந்தது. கிராஃபிட்டி என்ற பெயர் உரிமையாளரைக் காப்பாற்றவில்லை.

நம் நாட்டில் நிலைமை சற்றுச் சிக்கலானது. பலருக்கு இது அதிர்ச்சி தரும்: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்கே போகும். இலவசமாக வரைந்திருந்தால் அது ஓவியரிடமே இருக்கும். ஆனால் 57-ஆம் பிரிவு தரும் தார்மிக உரிமை, அதாவது தன் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை, பதிப்புரிமை கைமாறினாலும் ஓவியரை விட்டுப் போகாது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துப் பாழாக்கியதற்கு, 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. அதுவும் அரசே கேட்டுச் செய்வித்த வேலைதான். ஆனால் கட்டடத்தையே இடிப்பதை அதை வடிவமைத்தவர் தடுக்க முடியாது என்று அதே நீதிமன்றம் 2019-ல் கூறியது. ஆகவே சட்டம் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

தூரிகையைத் தொடுவதற்கு முன் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். ஓவியம் எத்தனை ஆண்டு இருக்கும், பெயின்ட் உதிர்ந்தால் யார் சரிசெய்வது, பதிப்புரிமை யாருக்கு, அழிப்பதற்கு எத்தனை நாள் முன்பு தகவல் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

அந்த இளைஞரிடம் இருந்தது "முடித்ததும் மீதிப் பணம்" என்ற ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி. நோட்டீஸோடு இணைக்க ஓவியத்தின் தெளிவான படம் கேட்டேன். கைப்பேசியில் எடுத்த அந்த ஒன்றுதான் இருந்தது. மழை விட்டதும் நல்ல கேமராவோடு போகலாம் என்று காத்திருந்தாராம்.