கொம்பன் சுறா: பெயர் ஒன்று, இனம் பல

பிடிபட்ட சுறாக்களை இனம் பிரித்துப் பதிவது என் வேலை. தலை சம்மட்டிபோல இருந்தால் போதும், 'கொம்பன் சுறா' என்று எழுதிவிட்டு அடுத்த மீனுக்குப் போய்விடும் பதிவேடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். மனசு கேட்பதில்லை. அந்த ஒரு பெயருக்குள் ஒன்பது, பத்து இனங்கள் இருக்கின்றன.

குடும்பப் பெயர் ஸ்பிர்னிடே. அதில் பேரினங்கள் இரண்டுதான். யூஸ்ஃபைராவில் இருப்பது ஒரே இனம். அதன் தலை அகலம் உடல் நீளத்தில் கிட்டத்தட்டப் பாதி. மற்றதெல்லாம் ஸ்பிர்னா.

பெரிய இனங்கள் மூன்றைப் பிரிக்க, தலையின் முன்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வளைந்த விளிம்பின் நட்டநடுவில் பள்ளம் தட்டுப்படாவிட்டால் அது ஸைகீனா. நடுவில் ஒரு பள்ளம், இருபுறமும் இன்னும் பள்ளங்கள் என்றால் லெவினி. நடுப்பள்ளம் இருந்தும் விளிம்பு ஏறக்குறைய நேராக ஓடினால் மொகாரன். 6 மீட்டர் வரைகூட வளரும். குட்டி மொகாரனுக்கு விளிம்பு வளைந்தே இருக்கும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அரிவாள்போல உயர்ந்த முதுகுத் துடுப்பையும் சேர்த்துப் பாருங்கள். 2013-இல் விவரிக்கப்பட்ட கில்பெர்ட்டி இனமோ வெளித்தோற்றத்தில் அப்படியே லெவினிதான். முதுகெலும்புக் கணுக்களை எண்ணினால் வேறுபாடு தெரியும்.

அப்புறம் தலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்க ஊசி குத்தியதுபோல் துளைகள். அழுத்தினால் பசைபோல ஒரு திரவம் கசியும். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையின் உடல் மின்சாரத்தைச் சுறா உணர்வது இவற்றால்தான். அகன்ற தலை என்றால் துழாவும் பரப்பும் அதிகம்.

இவை முட்டையிடுவதில்லை, நஞ்சுக்கொடி வழியே வளர்த்துக் குட்டி போடும். மொகாரனுக்குச் சூல்காலம் சுமார் 11 மாதம். பிறக்கும்போது குட்டியின் தலை ஓரங்கள் மென்மையாக, பின்பக்கம் மடங்கியிருக்கும். இத்தனை மெதுவாகப் பெருகும் உயிரை வேகமாகப் பிடித்தால் ஈடுகட்ட முடியாது. லெவினி, மொகாரன் இரண்டும் 2019-இல் மிக அருகிய இனங்களாகப் பட்டியலிடப்பட்டன. குடும்பம் முழுவதும் 2022-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பதிவில் இனம் தப்பாக இருந்தால் எது குறைகிறது என்றே தெரியாமல் போகும்.

தூண்டிலில் சிக்கினால் இவை மற்ற சுறாக்களைவிடச் சீக்கிரம் துவண்டு செத்துவிடும். சிக்கிய சுறாவைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல், கொக்கிக்கு நெருக்கமாகத் தூண்டில் நரம்பை அறுத்து விட்டுவிடுங்கள். செத்தே வந்திருந்தால், தலையை வெட்டுமுன் முன்விளிம்பும் முதுகுத் துடுப்பும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள்.