முன்பாரம், பின்பாரம், பரிசுப் பணம்: பந்தயக் காரை இழுத்துச் செல்லும் மோட்டார்ஹோமின் சாலை விதிகள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே, பட்டன்வில்லோ என்ற சிற்றூரின் அருகில் ஒரு கார் பந்தயத் தடம் இருக்கிறது. வார இறுதிகளில் அங்கே வருகிறவர்களில் பலர் பந்தயத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். வேறு வேலை பார்த்து, சொந்தச் செலவில் ஒரு காரைப் பராமரித்து, அதை ஓட்டுகிற மகிழ்ச்சிக்காக வருகிறவர்கள். அவர்களில் சிலர் வரும் வண்டி, படுக்கையும் சமையலறையும் குளியலறையும் கொண்ட பேருந்து அளவிலான மோட்டார்ஹோம். அதன் பின்னால் மூடிய டிரெய்லர் ஒன்று. அதற்குள் பந்தயக் கார், மாற்றுச் சக்கரங்கள், கருவிப் பெட்டிகள், பெட்ரோல் கேன்கள். சரக்கு லாரிக்கு இணையான இந்த வண்டித் தொடரை, லாரி ஓட்டுவதற்கான உரிமம் இல்லாத ஒருவர் ஓட்டி வருவது பல சமயங்களில் முற்றிலும் சட்டப்படியானதே. அது எப்படி என்பதையும், சட்டம் கேட்காமல் விடுகிற கேள்விகளை இயற்பியல் எங்கே கேட்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஓட்டுநர் இருக்கையின் அருகே ஒரு சிறு தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும். வண்டியும் அதில் ஏற்றிய அனைத்தும் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று உற்பத்தியாளர் நிர்ணயித்த எண் அதில் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க மத்திய அரசின் விதிகள் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். எடை மேடையில் காட்டும் உண்மையான எடை, தகட்டில் உள்ள எடை ஆகிய இரண்டில் எது பெரிதோ அதுவே கணக்கு என்பதால், டிரெய்லரைக் காலியாக இழுத்துச் சென்றாலும் வண்டியின் வகை மாறாது. இதில் இரண்டு வரம்புகள் முக்கியமானவை. 10,001 பவுண்டு, அதாவது சுமார் 4,536 கிலோவை எட்டிய வண்டி மாநிலம் விட்டு மாநிலம் வணிகத்துக்காகச் சென்றால், பதிவு எண், மருத்துவச் சான்று, ஓட்டும் நேரக் கட்டுப்பாடு ஆகியவை அதைப் பற்றிக்கொள்ளும். சரக்கு வண்டி ஓட்டுநர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு 11 மணி நேரம் மட்டுமே ஓட்டலாம் என்பது அவற்றில் ஒன்று. 26,001 பவுண்டு, அதாவது சுமார் 11,794 கிலோவை எட்டினால் வணிக ஓட்டுநர் உரிமம் தேவைப்படும். பின்புறம் டீசல் இயந்திரம் கொண்ட பெரிய மோட்டார்ஹோம்கள் பல, டிரெய்லரை மாட்டுவதற்கு முன்பே இந்த இரண்டாவது வரம்பைத் தாண்டிவிடுகின்றன.

அப்படியானால் பொழுதுபோக்குப் பந்தயக்காரர் தப்பிப்பது எதனால்? எடையை அடுத்துச் சட்டம் நோக்கத்தைக் கேட்கிறது. கூலிக்காகவோ வணிகத்துக்காகவோ அல்லாமல், தனிநபர் தம் சொந்தப் பொருளை அவ்வப்போது கொண்டுசெல்வதற்கு மத்திய அரசின் சரக்கு வாகனப் பாதுகாப்பு விதிகள் விலக்கு அளிக்கின்றன. பந்தயத்தில் பரிசுப் பணம் உண்டென்றால் அது வணிகம் ஆகிவிடாதா என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது. கார், படகு, குதிரை ஆகியவற்றைப் போட்டிகளுக்குக் கொண்டுசெல்வோரைக் குறிப்பிட்டே அதற்கு அதிகாரபூர்வ விளக்கம் தரப்பட்டுள்ளது. பரிசுப் பணத்தைச் சாதாரண வருமானமாக வரிக்கணக்கில் காட்ட வேண்டும். பந்தயச் செலவுகளை வணிகச் செலவாகக் கழித்துக்கொள்ளக் கூடாது. நிறுவனங்களின் ஸ்பான்சர் ஆதரவு இருக்கக் கூடாது. இவை பொருந்தினால் விலக்கு செல்லும். ஆகவே, ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர், ஒரே சாலை என்றிருந்தும், கடந்த ஆண்டு பொழுதுபோக்காக இருந்த பயணம், இந்த ஆண்டு ஒரு நிறுவனம் ஸ்பான்சராக வந்ததால் வணிகப் பயணமாக மாறிவிடக்கூடும். தம் வண்டி எந்தப் பிரிவில் வருகிறது என்பதை வருமான வரிப் படிவம் தீர்மானிக்கிறது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

மத்திய விதிகளின் விலக்கு கிடைத்தாலும், ஓட்டுநர் உரிமம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. டெக்சாஸ் மாநிலம் 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட மோட்டார்ஹோமுக்கு வணிகமல்லாத உயர்வகை உரிமம் ஒன்றைக் கேட்கிறது. கலிபோர்னியாவோ நீளத்தைப் பார்க்கிறது. 40 அடி வரையிலான மோட்டார்ஹோமைச் சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டலாம். 40 முதல் 45 அடி வரையிலானதற்கு வணிகமல்லாத பி வகை உரிமம் வேண்டும். டிரெய்லரின் அனுமதி எடை 10,000 பவுண்டைத் தாண்டினால், பொதுவாகக் கார் உரிமம் போதாது. இவற்றோடு, இரண்டும் சேர்ந்த மொத்த நீளம் 65 அடிக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. கார் ஏற்றுவதற்கென்று விற்கப்படும் 24 அடிப் பெட்டி டிரெய்லர், முன்னால் நீளும் ஏர்க்காலையும் சேர்த்தால் ஏறத்தாழ 28 அடி வரும். 40 அடி மோட்டார்ஹோமின் பின்னால் அதை மாட்டினால் 68 அடி. தனித்தனியே விதிக்கு உட்பட்ட இரண்டு வண்டிகள், மாட்டிய கணத்தில் விதி மீறுகின்றன. வண்டி வாங்கும் முன்பே செய்ய வேண்டிய இந்தக் கூட்டலைச் செய்யாமல் விடுவது, என் கருத்தில், விலையுயர்ந்த பிழை.

எடை வரம்புகள் இன்னொரு கணக்கு. மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளில், பொதுவாக, ஓர் ஒற்றை அச்சின் மீது 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9 டன்னுக்கு மேல் சுமை ஏறக் கூடாது. சட்டம் மொத்த எடையோடு நில்லாமல் அச்சுவாரியாகக் கணக்குக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகருக்கு அருகே 1958 முதல் 1960 வரை, சோதனைக்கென்றே அமைத்த சாலைகளில் லாரிகளை இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் சுமை இரட்டிப்பானால் சாலைக்கு ஏற்படும் தேய்மானம் இரட்டிப்பாவதில்லை, ஏறத்தாழ 16 மடங்காகிறது என்பது அதிலிருந்து தெரியவந்தது. சுமையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பச் சேதம் கூடுகிறது என்ற அந்த விதியின்படி, பத்து மடங்கு கனமான ஓர் அச்சு 10,000 மடங்கு சேதம் செய்யும். சாலையைப் பொறுத்தவரை மோட்டார்ஹோமின் பின் அச்சு, காரின் அச்சுக்கு உறவல்ல, லாரி அச்சுக்கு உடன்பிறப்பு.

அந்தப் பின் அச்சில்தான் டிரெய்லரின் சிக்கலும் தொடங்குகிறது. மாட்டுவண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்பார்கள். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே தூக்கும். டிரெய்லரிலும் இதே கணக்குத்தான். நிறைந்த டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கியில் அமர வேண்டும். 4,000 கிலோ டிரெய்லருக்குக் கொக்கியில் 400 கிலோ என்று கொள்வோம். பெரிய மோட்டார்ஹோமில் பின் அச்சுக்கு அப்பாலும் உடல் வெகுதூரம் நீண்டிருக்கும். அந்த நீட்டம் 3.5 மீட்டர், இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் 7 மீட்டர் என்றால், கொக்கியில் அமர்ந்த 400 கிலோ ஒரு நெம்புகோல் போல வேலை செய்து, முன் அச்சிலிருந்து 200 கிலோவைத் தூக்கிவிடும். பின் அச்சிலோ 600 கிலோ கூடுதலாக ஏறும். வண்டியைத் திருப்பும் முன் சக்கரங்கள் இலகுவாகின்றன. ஏற்கெனவே வரம்பின் அருகில் நின்ற பின் அச்சு வரம்பைத் தாண்டுகிறது. மொத்த எடை சரியாக இருந்தும் வண்டி விதி மீறியதாகும்.

இதற்குப் பயந்து கொக்கியின் சுமையைக் குறைப்பது இன்னும் ஆபத்தானது. பின்பாரம் ஏறிய டிரெய்லர் ஓரளவு வேகத்துக்கு மேல் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். குறைந்த வேகத்தில் அந்த ஆட்டம் தானே அடங்கிவிடும். வேகம் கூடக் கூட அடங்கும் தன்மை குறைந்து, ஒரு கட்டத்தில் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். அப்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினால், ஓட்டுநரின் கை தாமதமாகவே வினையாற்றும் என்பதால் ஆட்டத்துக்கு மேலும் விசை சேரும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கைப்பொத்தானால் இயக்குவதே சரி. பின்னால் இழுபடும் டிரெய்லர் இணைப்பை இறுக்கி, வண்டித் தொடரை நேராக்கிவிடும். ஆனால் பெரும்பாலான வேலை, வண்டி கிளம்பும் முன்பே முடிந்துவிட வேண்டியது. டிரெய்லரின் அச்சு மையத்திலிருந்து கொக்கி 5 மீட்டர் தொலைவில் இருந்தால், உள்ளே நிற்கும் 1,200 கிலோ காரை 30 சென்டிமீட்டர் முன்னே நகர்த்துவது கொக்கியில் 72 கிலோவைக் கூட்டும். அதனால்தான், இயந்திரம் பின்னால் உள்ள காரைச் சிலர் பின்பக்கமாக ஏற்றுகிறார்கள். கார் நின்ற இடத்தில் டிரெய்லரின் தரையில் பட்டையாகக் கோடு போட்டு, அடுத்த முறையும் சக்கரம் அதே கோட்டில் வந்து நிற்குமாறு பார்த்துக்கொள்கிறார்கள். லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையங்களில், ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே நிறுத்துக் காட்டும் எடை மேடைகள் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. டிரெய்லரோடு ஒரு முறை, கழற்றிவிட்டு ஒரு முறை எடை போட்டு இரு சீட்டுகளையும் ஒப்பிட்டால், மேலே சொன்ன நெம்புகோல் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பது எண்ணாகவே கைக்கு வந்துவிடும்.

மிச்சமிருப்பது பிரேக். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பட்டன்வில்லோவுக்கு 5ஆம் எண் பெருஞ்சாலையில் வருகிறவர்கள், தெஹோன் கணவாயைக் கடந்து கிரேப்வைன் என்ற இறக்கத்தில் இறங்க வேண்டும். ஏறத்தாழ 8 கிலோமீட்டருக்கு 6 சதவீதச் சரிவு; உயரத்தில் சுமார் 480 மீட்டர் வீழ்ச்சி. மோட்டார்ஹோம் 16 டன், டிரெய்லர் 4 டன் என்று வைத்தால், அந்த உயரத்திலிருந்து இறங்கும் 20 டன் விடுவிக்கும் ஆற்றல் சுமார் 94 மெகாஜூல். டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்குக் கலிபோர்னியாவில் உள்ள 55 மைல் வேக வரம்பில் ஓடும்போது அதே வண்டித் தொடரின் இயக்க ஆற்றல் 6 மெகாஜூல் மட்டுமே. அதாவது, முழு வேகத்திலிருந்து ஏறத்தாழ 16 முறை நிறுத்துவதற்கான வெப்பம் அந்த ஓர் இறக்கத்தில் பிறக்கிறது. சுமார் 300 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றின் தடையும் டயர்களின் உராய்வும் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டாலும், மீதியை மிதிபிரேக்கில் மட்டும் கொட்டினால், சூடேறிய பிரேக் பட்டைகள் பிடிப்பை இழந்துவிடும். ஆகவே, இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, இயந்திரத்தின் புகைவழியை அடைத்து வண்டியை மெதுவாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, வெப்பத்தின் பெரும் பகுதியை இயந்திரத்தின் வழியே வெளியேற்ற வேண்டும். தவறிப்போனவர்களுக்காகவே, அந்த இறக்கத்தின் ஓரத்தில், ஆழமாகச் சரளைக்கல் நிரப்பிய தப்பிப் பாதைகள் விடப்பட்டுள்ளன; சக்கரங்கள் அந்தக் கற்களில் புதைந்து புதைந்தே வண்டியின் வேகம் தீர்கிறது.